மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா

விமானம் ஏறும்போது என் மகள் தேன்மொழி எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்து அனுப்பினாள்.

"ஆள் எப்படின்னு நீங்க பார்க்க வேணாம்பா. அத நான் போன்லயே பார்த்துட்டேன். என்ன வேலை செய்றார்னு மட்டும் தெரிஞ்சிக்கிட்டு வாங்க."

தேன்மொழி மலேசியாவில், எங்கள் ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் தாதி. தீக்காயப் பிரிவு. மாப்பிள்ளைப் பையன் மாதேஷ், என் மனைவி வழியில் தூரத்துச் சொந்தம். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் குருபரப்பள்ளி. மாதக் கணக்கில் இருவரும் போனில் பேசிப் பிடித்துப்போனது. ஒரே ஒரு கேள்வியில்தான் இடித்தது. கம்பெனியில் என்ன செய்கிறீர்கள் என்று இவள் கேட்டால் "பார்ட்ஸ்" என்பான். எதற்குப் பார்ட்ஸ் என்றால், "அத சொல்லக்கூடாதுங்க" என்பான். அந்தச் சமயத்தில் உலகத்தின் ஒரு மூலையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. தேன்மொழி வேலை முடிந்து வந்தால் போனில் அந்தச் சண்டைப் படங்களைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எந்த நாடுகள் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் பையனுக்கு வேலை போய்விடும்.

விசாரிப்பதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. வாகனக் காப்புறுதிக் கம்பெனியில் நசுங்கிய கார்களைப் பார்த்து, ஓட்டியவர் சொல்லும் கதை மெய்யா பொய்யா என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஓய்வு பெற்றும் புத்தி போகவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் எந்தப் பக்கம் முதலில் வழிந்தது என்று பார்ப்பேன் என்று என் மனைவி கேலி செய்வாள்.

பெங்களூரிலிருந்து வந்த பஸ் அத்திப்பள்ளி எல்லையில் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை லாரி. ஒரு பயணி கோபமாக எழுந்து ஏதோ கேட்க, கண்டக்டர் கன்னடத்தில் நிதானமாகப் பதில் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண் எனக்கு மொழிபெயர்த்தார்: "எறங்கி நடந்தா பஸ்ஸுக்கு முன்னாடி தமிழ்நாடு போயிடலாம்னு சொல்றாரு." பாதிப் பேர் நிஜமாகவே இறங்கி நடந்தார்கள். நானும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே மாநிலம் தாண்டினேன். எங்கள் நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டப் பாஸ்போர்ட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். இங்கே கடைப் பலகையில் எழுத்து மாறியது, தூசு மாறவில்லை.

ஓசூரில் தங்கிய விடுதிக்கு எதிரில் ஒரு பிரியாணிக் கடை. முதலாளி இலியாஸ் பாய், பெரிய உடம்பு, மெல்லிய குரல். சீரக சம்பா அரிசியும் கத்தரிக்காய்த் தொக்கும் இலையில் விழுந்ததும் வந்த வேலையே மறந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பிரியாணியில் மசாலா முன்னால் வந்து நிற்கும். இங்கே அரிசி முதலில் வாயில் கரைந்த பிறகுதான் கறி வருகிறது. இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தேன்.

மாப்பிள்ளை விசாரிப்பதற்கு எங்கள் ஆட்கள் எங்கே இருந்தாலும் ஒரே முறைதான். டீக்கடை, முடிவெட்டும் கடை, வீட்டுக்கு எதிர்வீடு. பையன் குடிப்பானா, கடன் உண்டா, கூட்டாளிகள் யார். அதையெல்லாம் கேட்டேன். அந்தக் கம்பெனிப் பையன்கள் நிறையப் பேர் தன் கடைக்கு வருவார்கள் என்றும், மாதேஷ் நல்ல பையன் என்றும் பாய் சொன்னார். கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டதும் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அது நமக்கு எதுக்குங்க? ஆனா ஒண்ணு. அங்க ஓ.டி. இருந்தா நம்ம கடையிலருந்துதான் பார்சல் போவும். ரெண்டாவது ஷிப்ட் பஸ்லயே ஏத்தி வுட்ருவோம். அத வச்சே ஒலகத்துல என்னா நடக்குதுன்னு நான் சொல்லிடுவேன்."

"எப்படி?"

"போன தபா அங்க சண்டைய நிறுத்திட்டாங்கன்னு டிவில சொன்னாங்க இல்ல? பார்சல் பாதியா கொறஞ்சி போச்சு. செரி, நல்ல விசயந்தான்னு வுட்டுட்டேன். அப்பறம் ஒரு நாள் காலையிலயே போனு. பாய், இன்னிக்கு டபுளா குடுங்கன்னாங்க. டிவில பாத்தா ரெண்டு தரப்பும் பேசிக்கினு இருக்காங்க, நம்ம மந்திரியும் சமாதானந்தான் முக்கியம்ன்றாரு. ரெண்டு நாளு கழிச்சி பேச்சு முறிஞ்சிடுச்சின்னு நூஸு. பேப்பருக்கு முன்னாடி நம்ம அண்டாவுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க."

எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. அண்டாவின் படத்தை எடுத்துத் தேன்மொழிக்கு அனுப்பினேன். "சாப்பிடத்தான் போனீங்களா?" என்று பதில் வந்தது.

மறுநாள் குருபரப்பள்ளிக்குக் கிளம்பினேன். மாதேஷின் அம்மா ரத்னம்மா போனில் வழி சொன்னார். "கம்பெனி பஸ்ல ஏறிக்கோங்கண்ணா. டிரைவரு நம்ம ஆளுதான், நான் சொல்லி வைக்கறேன். கைகாட்டி கூட்டுரோடுகிட்ட எறங்கிக்கினா அங்கிருந்து டவுன் பஸ் வரும்." அந்தப் பக்கத்தில் இது வழக்கமாம். கம்பெனி பஸ்ஸில் இடம் இருந்தால் ஊர்க்காரர்களைக் கூட்டுரோடு வரை ஏற்றிக்கொள்வார்கள். எங்கள் நாட்டில் ஆலைப் பேருந்தில் வெளியாள் ஏறினால் டிரைவர் வேலை அன்றைக்கே காலி. எனக்கு இந்தத் தாராளம் பிடித்திருந்தது.

பஸ் முழுக்க நீலச் சட்டைப் பெண்கள். எனக்கு முன்னால் இருவர் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். பின்னால் இரண்டு வடநாட்டுப் பையன்கள் ஒரே போனில் படம் பார்த்தார்கள். விமானப் பயண அசதி, ஜன்னல் காற்று. தூங்கிப் போனேன். டிரைவர் கைகாட்டியில் குரல் கொடுத்தாராம். எனக்கு எங்கே கேட்டது?

கண் விழித்தபோது பஸ் காலியாக இருந்தது. வெளியே உயரமான சுவர், அதன் மேல் சுருள் கம்பி. நான் சுவருக்கு உள்ளே இருந்தேன்.

அடுத்த சில நிமிடங்களில் காவல் அறையில் உட்கார வைக்கப்பட்டேன். காவல் அதிகாரி கோவிந்தராஜ், முன்னாள் ராணுவத்துக்காரர், மீசையை மெழுகு போட்டு நிறுத்தியிருந்தார். என் மலேசிய பாஸ்போர்ட்டைப் பிரித்ததும் மீசை ஒரு தரம் அசைந்தது.

"எதுக்கு வந்தீங்க?"

"மாப்பிள்ளை பார்க்க."

"கம்பெனிக்குள்ளயா?"

பஸ்ஸில் தூங்கிப்போனதைச் சொன்னேன். அவர் என் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளினார். மலைக்கோயில், லாரி வரிசை, பிரியாணி, அண்டா. அண்டாவில் நின்றார். "நேத்து பாய் கடையில கம்பெனியப் பத்தி விசாரிச்சது நீங்கதானா?" என்றார். கடையில் அந்நேரம் நானும் பாயும் இன்னும் மூன்று நான்கு பேரும்தான் இருந்தோம். யார் போய்ச் சொன்னார்கள்? விசாரிக்க வந்தவனை ஊரே விசாரித்திருக்கிறது.

மாதேஷை வரவழைத்தார்கள். மெல்லிய பையன், போனில் பார்த்ததைவிட இளைத்திருந்தான். முகம் வெளுத்து, "மாமா" என்றான். மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து அவனை வெளியே கூட்டிப் போய்ப் பேசினார். கண்ணாடி வழியாக அவன் தலையாட்டுவது மட்டும் தெரிந்தது. என் ஒரு தூக்கத்தால் அந்தப் பையன் பிழைப்புக்கே உலை வைத்துவிட்டேனே என்று பதறினேன்.

உண்மை புரிந்ததும் கோவிந்தராஜ் வேறு ஆளாகிவிட்டார். டீ வரவழைத்தார். "பையன் தங்கம் சார். பீடி, சிகரெட்டு, பான் பராக் எதுவும் இல்ல. நானும் ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன், சொந்தக்காரனா இருந்தா நானே குடுத்திருப்பேன்." பிறகு குரலைத் தணித்தார். "மாப்பிள்ளையப் பத்தி எது வேணாலும் கேளுங்க. அவன் வேலையப் பத்தி மட்டும் யார்கிட்டயும் கேக்காதீங்க."

அந்த அறையின் மூலையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ விவாதம். அந்தச் சண்டையில் இந்தியா எந்தப் பக்கமும் சேராமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம், ஆனால் "நம் பாதுகாப்பு நண்பர்களை" மனம் நோகச் செய்யும் எந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்கக் கூடாது என்று நரைத்த தலை ஒருவர் கம்பீரமாக விளக்கினார். கீழே அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற ராணுவ உயர் அதிகாரி என்றும், வெளியுறவு நிபுணர் என்றும் போட்டிருந்தது.

எனக்கு முகம் மறக்காது. வெளியே அழைத்துப் போகும்போது வரவேற்புக் கூடத்தைத் தாண்டினோம். மேசையில் இரண்டு சின்னக் கொடிகள். ஒன்று இந்தியாவுடையது. மற்றதைத் தேன்மொழி போனில், அந்தச் சண்டைப் படங்களில், இரவெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். சுவரில் இயக்குநர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. மூன்றாவது படத்தில் அதே நரைத்த தலை, அதே கம்பீரம். டிவியில் இந்தப் பதவியை மட்டும் போடவில்லை.

மோதிய இரண்டு காரையும் பக்கத்தில் நிறுத்தி எந்தச் சாயம் எதில் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்போம். அதுபோல இதையும் பார்த்தேன். அரசாங்கம் ஒரு நாட்டோடு நட்பாக இருப்பதால் இந்தக் கம்பெனிக்கு ஆர்டர் வருகிறதா, ஆர்டர் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால் அந்த நட்பா? நிபுணர் எந்தச் சம்பளத்துக்குப் பேசுகிறார்? ஏமாந்தவன்போலக் கோபம் வந்தது. எங்கள் நாடு மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. எங்கள் நாட்டுத் தீவு ஒன்றில் போர் விமானக் கண்காட்சி வைத்தபோது குழந்தையாக இருந்த தேன்மொழியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியவன் நான். ஐஸ்கிரீம்கூட வாங்கிக் கொடுத்தேன்.

மாலையில் மாதேஷ் பைக்கில் வீட்டுக்கு அழைத்துப் போனான். வாசலில் மாங்காய் குவித்து வைத்திருந்தது. எல்லாம் கிளிமூக்குக் காய். பாதி பழுத்து, கொஞ்சம் அழுகி, ஈ மொய்த்தது.

அவன் அப்பா நஞ்சப்பன் மூன்று ஏக்கர் மாந்தோப்புக்காரர். ரத்னம்மா களி உருண்டையும் கீரைக் கடைசலும் வைத்தார். களியை நான் மென்று தின்னப் பார்த்தேன். நஞ்சப்பன் சிரித்து, "மெல்லாதீங்கண்ணா, முழுங்கணும்" என்று சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது வாயில் பழகிவிட்டது. மாங்காயை ஏன் வாசலில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மாங்கூழ் பேக்டரிக்காரன் வாங்கமாட்டேன்றாண்ணா. கூழு கப்பல்ல வெளிநாட்டுக்குப் போவணும். சண்டையினால கப்பலு நேர் வழியில போறதில்லையாம், ஊரெல்லாம் சுத்திக்கினு போவுதாம். செலவு கட்டுப்படியாவாதுன்னுட்டான்." தட்டைப் பார்த்தபடி தொடர்ந்தார். "சண்டை நின்னா என் காய் வெலை போவும். நின்னா இவனுக்கு ஓ.டி. போயிடும். எந்தச் சாமிய என்னான்னு கும்பிடறதுன்னே தெரியல."

"மாடி ரூமு ஓ.டி. காசுலதாண்ணா கட்டனது" என்று ரத்னம்மா குறுக்கே சொன்னார். "தேனு வந்தா இருக்கறதுக்கு."

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ரோஜா நிறச் சுவர், புதுக் கட்டில், சுற்றின பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. நல்ல மனிதர்கள். இவர்களைச் சந்தேகப்படுவது என் மகளுக்காகத்தான் என்றாலும் கூச்சமாக இருந்தது.

காலையில் பசியாறிவிட்டு மாதேஷ் என்னைத் தோப்புக்குக் கூட்டிப்போனான். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து வட்டம் காட்டினான்.

"இவ்ளோதான் மாமா. ரிங்கு. உள்பக்கமா ஒரு வெட்டு இருக்கும். அளவு சரியா இருக்குதான்னு பாக்கறது என் வேலை. எதுல மாட்றாங்கன்னு நெசமாவே எனக்குத் தெரியாது."

"தெரியாதா, தெரிஞ்சுக்கலையா?"

"மொதல்ல தெரியாது. போன வாட்டி சண்டை நின்னுச்சி இல்ல, எங்க லைன நிறுத்தி எல்லாரையும் வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் இங்க அப்பாகூட காய் அறுத்துக்கினு இருந்தேன். ஒரு நாள் விடியகாலையில ஹெச்.ஆர். போன் பண்ணி, இன்னிக்கே வந்துடு, லைன் ஓடப்போவுதுன்னாங்க. டிவில பேச்சுவார்த்தை நல்லா போவுதுன்னு காட்டறாங்க. ரெண்டு நாள்ல மறுபடியும் குண்டு போட்டாங்க." ஒரு மாங்காயைக் காலால் உருட்டினான். "அன்னிக்குத் தெரிஞ்சிடுச்சி மாமா. தேனுகிட்ட எப்பிடி சொல்றதுன்னுதான் தெரியல."

இதை அன்றைக்கே போனில் நானே மகளிடம் சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை. ரிங், மாடி அறை, அழுகும் மாங்காய், சுவரில் பார்த்த படம் எல்லாம் சொன்னேன். அவள் வெகுநேரம் கேட்டாள். கடைசியில், "பத்து நாள் லீவு போட்டுட்டு அவர இங்க வரச் சொல்லுங்கப்பா" என்றாள். "இத என் முகத்தப் பார்த்துச் சொல்லட்டும். என் வார்டையும் வந்து பார்க்கட்டும். அதுக்கப்புறமும் அந்த ரூமுக்கு நான் வேணும்னு அவர் சொன்னா, நானும் யோசிச்சிச் சொல்றேன்."

மாதேஷ் அன்றைக்கே லீவு கேட்டான். இந்த ஆர்டர் ஓடும்வரை யாருக்கும் லீவு கிடையாது என்றார்கள். சண்டை நின்றால் லைன் நிற்கும், லைன் நின்றால் லீவு. நஞ்சப்பன் கணக்கைப் போலவே என் மகள் கல்யாணமும் அந்தச் சண்டை நடக்கும் மூலையில் போய் மாட்டிக்கொண்டது.

ஊர் திரும்பும் நாள். மாதேஷ் வழியனுப்ப ஓசூர் வந்தான். அங்கிருந்தே இரண்டாவது ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடித்துக்கொள்வதாகச் சொன்னான். இருவரும் பாய் கடையில் உட்கார்ந்தோம். இலை போட்டதுமே டிவியில் அவசரச் செய்தி. சண்டையை நிறுத்த உடன்பாடு. இரண்டு நாட்டுத் தலைவர்கள் ஒரு நீளமான மேசைக்கு முன்னால் நின்று கை குலுக்கினார்கள். விடவே இல்லை, அவ்வளவு நேரம் குலுக்கினார்கள். கடையில் யாரோ கை தட்டினார்.

நான் மாதேஷின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "தம்பி, லீவு!" என்றேன். அவனும் சிரித்தான். அவன் முழுதாகச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

டிவியில் நரைத்த தலைக்காரர் வந்து உட்கார்ந்தார். இது வரவேற்கத் தக்க தொடக்கம் என்றார். ஆனாலும் நண்பர்களின் தேவையை இந்தியா மறந்துவிடக் கூடாது என்றார்.

கல்லாவில் போன் அடித்தது. இலியாஸ் பாய் எடுத்து, "ஆமாங்க... செரிங்க... ஞாயித்துக்கெழமையுமா?" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனை வைத்தார். அதே நேரம் மாதேஷின் சட்டைப் பையில் போன் துடித்தது. படித்தான். எனக்கும் காட்டினான். எல்லா லைனும் மூன்று ஷிப்டும் ஓடும், ஞாயிறும் வேலை உண்டு, லீவு எதுவும் கிடையாது.

என் போன் அடித்தது. தேன்மொழி. அவள் குரலில் இத்தனை சந்தோஷத்தைக் கேட்டு நாளாகியிருந்தது.

"அப்பா, டிவி பார்த்தீங்களா? நின்னுடுச்சிப்பா! அவருக்கு லீவு கிடைச்சிடும்ல?"

போனை மாதேஷிடம் நீட்டினேன். இலையை விட்டு எழுந்து நின்று வாங்கிக்கொண்டான்.

"தேனு, நான்தான். இப்பதான் மெசேஜ் வந்துச்சி. ஞாயித்துக்கெழமையும் வரச் சொல்லிட்டாங்க. எல்லா லைனும்." பிறகு கேட்டுக்கொண்டிருந்தான். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. "அப்பாவுக்குக் காய் போவல. இப்ப வேலைய வுட்டுட்டா வூட்ல ஒண்ணுமே இல்ல" என்றான். பிறகு, "தெரியுது தேனு" என்றான்.

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பார்சல் மூட்டைகளைக் கடைப் பையன்கள் ஏற்றினார்கள். மாதேஷ் போனை என் கையில் கொடுத்து, "வரேன் மாமா" என்றான். கை கழுவக்கூட இல்லை. பிரியாணி அப்படியே இருந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் அவனும் ஏறினான், கதவு மூடியது.

"அப்பா, அவர் போயிட்டாரா?"

"போயிட்டாரும்மா."

"சரிப்பா. நீங்க வீட்டுக்கு வாங்க."

நான் வளர்த்த பெண். அவள் எந்தச் 'சரி'யோடு ஒரு பேச்சை அடியோடு முடித்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். டிவியில் அந்த இருவரும் இன்னும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். பாய் சத்தத்தைக் குறைத்துவிட்டு, இரண்டாவது அண்டாவுக்கு அரிசி களையச் சொன்னார்.